இரண்டாவது மைக்கின் திருகு

திண்டிவனத்தில் மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே குழாய் ஊளையிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன். பேசும் மைக்கை ஒலிபெருக்கிக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால் காது கிழியக் கத்தும். அதனால் மைக் இருக்கும் இடத்தில் குழாயின் வயரைக் கழற்றிவிட வேண்டும். எங்கள் தொழிலில் இதுதான் முதல் பாடம். பிள்ளைகளே, இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

குழாய் கட்டப் போனது

அறுபதுகளின் தொடக்கம், தேர்தல் சமயம். கெடாருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். அந்தத் தெருவுக்குள் சேரிக்காரர்கள் வரக்கூடாது. ஆனால் அவர்கள் ஓட்டு வேண்டும். வேட்பாளரின் ஏஜெண்டு என்னிடம் சொன்னார்:

"யோவ், ஒரு கொழாய சேரிப்பக்கம் கட்டிடு. அங்கயே குந்திக்கினு கேக்கட்டும். பேஜாரு இல்ல."

நல்ல யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஊர் நாட்டாண்மைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "எந்த ஊருப்பா? யார் வூட்டுப் புள்ள?" என்று விசாரித்தார். அப்பா பெயரைச் சொன்னேன். "அட, நம்ம பையன்!" என்று தோளில் தட்டி, வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். சாப்பிட்ட தெம்பில் குழாயைத் தூக்கிக்கொண்டு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட கொல்லை வரப்பில் நடந்தேன். கொல்லைக்கு அந்தப் பக்கம்தான் சேரி. பாதிப்பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்.

வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டும்போது கீழே ஒருவர் வந்து நின்றார். சூசை என்று பெயர். சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் ஜெபம் சொல்லுவாராம்.

"ஐயா, அவரு பேசுறது எங்களுக்குக் கேக்கும். நாங்க பேசுறது அவருக்குக் கேக்குங்களா?"

"கொழாயில பேச முடியாது. அதுக்கு மைக் வேணும்."

பின்னாலிருந்த ஒரு பெண் சிரித்தாள். "அப்ப நமக்குக் காத மட்டும் குடுத்து அனுப்பிச்சிருக்காங்க. வாயி ஊர்லயே இருக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். சூசை சிரிக்கவில்லை. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அவர் என்னை ஐயா என்றார். நான் அவரை நீ என்றேன்.

"கல்லறைக்குப் போற வழிய நாட்டாண்மைக்காரரு முள்ளு போட்டு அடைச்சிட்டாருங்க. வேதத்துல சேந்தவனுக்கு என் நெலத்துல இன்னாடா வழி, போய் உங்க மாதாகிட்ட கேளுன்றாரு. போன மழையில செத்துப்போன என் சம்சாரத்த வாய்க்கா தண்ணியில தூக்கிக்கினு போனோம். கழுத்தளவு தண்ணி. பொட்டி கவுந்துடுச்சிங்க. அதத்தான் ஓட்டு கேக்க வர்றவருகிட்ட சொல்லணும். ஒரு மைக்க இங்க இழுக்க வயரு இருக்குதுங்களா?"

வயர் இருந்தது. ஏஜெண்டிடம் கேட்டேன். "அங்கருந்தே பேசட்டும், நல்லாத்தான் இருக்கும்" என்றார். தெருவுக்குள் வரப்போவதில்லை என்பதால் நாட்டாண்மைக்காரரும் மறுக்கவில்லை. என்ன பேசப்போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சூசை பேசியது

நாமெல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று வேட்பாளர் பேசி முடித்தார். கொல்லைக்கு அந்தப் பக்கமும் கைதட்டினார்கள். நான் ஓடிப்போய் மைக்கை சூசையிடம் கொடுத்து, வேப்பமரத்துக் குழாயின் வயரைக் கழற்றினேன். கோயில் குழாய்கள் ஊர்ப்பக்கம் பார்த்துக் கட்டியவை; அவற்றில் வருவது சேரியில் தெளிவாகக் கேட்காது.

"கழட்டிட்டீங்களே, நான் பேசுறது அங்க போவுதான்னு எப்படிங்க தெரியும்?"

"போவும். நான் அங்கதான் இருக்கப்போறேன்."

ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு மைக்குக்கும் தனித்தனித் திருகு உண்டு. திரும்பிவந்து இரண்டாவதை ஏற்றினேன். சூசையின் குரல் கோயில் தெரு முழுக்கக் கேட்டது. வாய்க்காலையும் பெட்டி கவிழ்ந்ததையும் சொன்னார்.

"அந்த வழிய அடைச்சவரு உங்க பக்கத்துலயேதான் ஒக்காந்துக்கினு இருக்காருங்க."

நாட்டாண்மைக்காரர் எழுந்திருக்கவில்லை. சத்தம் போடவில்லை. என் பக்கம் திரும்பி, வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "தம்பி, கொறைச்சிடு" என்றார்.

குறைத்தேன். ஒரேயடியாகக் குறைத்தேன்.

ஏஜெண்டு முதல் மைக்கைப் பிடித்து வாழ்க கோஷம் போட்டார். ஆட்கள் எழுந்து மாலை போடப் போனார்கள். பொழுது சாயும் நேரம். கொல்லைக்கு அந்தப் பக்கம் சூசை ஒரு கையைத் தூக்கிப் பேசிக்கொண்டே இருப்பது தெரிந்தது. அவரைச் சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு கோயில் தெருவுக்கு வரவே இல்லை. அது அங்கே நின்ற யாருக்கும் தெரியாது.

மைக்கை எடுத்துவரப் போனேன். துண்டால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

"எல்லாம் கேட்டுச்சுங்களா ஐயா?"

"கேட்டுச்சு."

"இன்னா சொன்னாரு?"

அங்கே நின்ற எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. "பாக்கறேன்னு சொன்னாரு" என்றேன். குழாய் கட்டும்போது சிரித்த அந்தப் பெண் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

தேர்தல் முடிந்து ஒருநாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சூசையைப் பார்த்தேன். சேரி மொத்தமும் அந்த வேட்பாளருக்கே ஓட்டுப் போட்டார்களாம். "வாக்கு குடுத்துட்டாரு, மழைக்கு முன்ன வழிய தொறந்துடுவாரு" என்றார். கூட இருந்தவரிடம், "இவருதான் நம்ம பேச்ச அங்க சேத்தவரு" என்று என்னைக் காட்டினார். துண்டால் பெஞ்சைத் தட்டி எனக்கு இடம் போட்டார். நான் உட்கார்ந்தேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் சொல்லவில்லை. வழி திறக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என்னை யாரும் மிரட்டவில்லை. மிரட்டினார்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. பொய்யைச் சொன்ன இடத்திலேயே உடைத்துவிடுங்கள், பிள்ளைகளே. விட்டால் அதற்கு நன்றியும் மரியாதையும் வந்து சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு வாய் வராது. நான் கற்றது இவ்வளவுதான். சூசைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.