குழிவாசலில் சொன்ன தமாம்

சவூதியில் ஜுபைலுக்கு வந்து எட்டு வருடம் ஆன பிறகும் எனக்குத் தெரிந்த அரபி ஒரே ஒரு வார்த்தைதான். யல்லா, கலாஸ், மாஃபி எல்லாம் கணக்கில் வராது. அவை கேம்ப் மெஸ்ஸில் சாம்பாரோடு சேர்ந்தே கிடைப்பவை. நான் சொல்வது தமாம். சரி, நல்லது, ஒரு குறையும் இல்லை என்று எல்லாவற்றுக்கும் அது ஆகும். செக்போஸ்டில் போலீஸ்காரர் ஏதாவது கேட்டால் தமாம். கடைக்காரர் நலம் விசாரித்தால் தமாம். கூடவே ஒரு சிரிப்பும் தலையாட்டலும் சேர்த்துவிட்டால் எதிரில் இருப்பவர் திருப்தியாகப் போய்விடுவார். அந்த வார்த்தையைத்தான் ஒருநாள், என் அறையில் எனக்கு மேல்கட்டிலில் படுப்பவன் எட்டடிக் குழிக்குள் உட்கார்ந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது, குழிவாசலில் நின்று சொன்னேன்.

தமாமுக்கு அடங்காத விஷயங்களுக்குப் போன் இருந்தது. தமிழில் பேசினால் அரபியில் சொல்லும், அவர்கள் அரபியில் பேசினால் தமிழில் சொல்லும். பல்வலிக்குப் போனபோது கடைவாய்ப்பல்லா, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறதா என்று டாக்டர் கேட்டதையெல்லாம் அதுதான் சொன்னது. இக்காமா என்கிற குடியிருப்பு அட்டை தொலைந்தபோது போலீஸ் ஸ்டேஷனில் எனக்காக மன்றாடியதும் அதுதான். என் சொந்தத் தம்பிகூட எனக்கு அவ்வளவு உதவி செய்ததில்லை.

மேல்கட்டில்காரன் வேறு ரகம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன், பைப் ஃபிட்டர், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். என்னைவிட இரண்டு வயது சின்னவன் என்பதால் அண்ணே என்பான். கேம்ப் வாசலில் மளிகைக்கடை வைத்திருந்த ஏமன்காரரிடம் வெள்ளிக்கிழமைதோறும் போய் நின்றுகொண்டு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வான். நான் அவனை ஒரு வழி பண்ணியிருக்கிறேன். கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று கேட்பேன். கையில் போன் இருக்கும்போது மண்டையை உடைத்துக்கொள்கிற மடையன் என்று மற்றவர்கள் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

பிளான்டுக்குள் போன் கொண்டுபோக முடியாது. உள்ளே ஓடுவது எரிவாயு, ஒரு பொறி போதும் என்பார்கள். காலையில் கேட்டில் இருக்கும் லாக்கரில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். உள்ளே போர்மேனிடம் இந்தி, ஆபரேட்டரிடம் கைஜாடை, அப்படித்தான் எட்டு வருடம் ஓடியது. எங்கள் பகுதியில் இருந்த வயதான சவூதி ஆபரேட்டர் நம் ஆட்களோடு பழகிப் பழகி இந்தி பேசுவார். எல்லா ஆளும் வெளியே வந்தாச்சா என்று இந்தியில் கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் தானே குழிக்குள் எட்டிப் பார்ப்பார். அதை நான் அவருடைய சந்தேக குணம் என்று நினைத்திருந்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குழிக்குள்ளோ டேங்குக்குள்ளோ ஒருவன் இறங்கினால் வாசலில் ஒருவன் நிற்கவேண்டும். ஹோல் வாட்ச் என்று பெயர். கழுத்தில் விசில், கையில் ஒரு தாள். உள்ளே போகிறவன் பெயரையும் நேரத்தையும் தாளில் எழுதி, அவன் வெளியே வரும்வரை இடத்தைவிட்டு நகரக்கூடாது. என்ன நடந்தாலும் உள்ளே குதிக்கவும் கூடாது. சும்மா நிற்கிறதுக்குச் சம்பளமா என்று ஃபிட்டர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அது ஷட்டவுன் சமயம். பிளான்டை நிறுத்திவைத்துப் பழுது பார்ப்பார்கள், எல்லோருக்கும் அவசரம். பதினொன்றரைக்கு இடைவேளை. அதற்கு முன் வேலைக்கான பெர்மிட் தாளைக் கன்ட்ரோல் ரூமில் திருப்பிக் கொடுக்கவேண்டும். திருப்பிக் கொடுத்தால் குழியில் ஆள் இல்லை என்று அர்த்தம். அந்த இடைவேளையில் ஆபரேட்டர்கள் பைப்பில் தேங்கிய கொதிநீரைக் குழிக்குள் திறந்துவிடுவார்கள். கன்ட்ரோல் ரூம் வாசலில் கடைசி நேரத்தில் பெரிய வரிசை நிற்கும் என்பதால், எங்கள் போர்மேன் பதினொன்றே காலுக்கே தாளைக் கொடுத்துவிட்டு, யாரும் திறக்காதபடி வால்வில் போட்டிருக்கும் பூட்டையும் கழற்றிக்கொண்டு வருவது வழக்கம். ஆட்கள் பத்து நிமிடத்தில் ஏறிவிடத்தானே போகிறார்கள் என்பது அவர் கணக்கு. அன்றும் கொடுத்துவிட்டார். எனக்கு அது தெரியாது. உள்ளே மேல்கட்டில்காரன் இரண்டு போல்ட் பாக்கி, முடித்துவிட்டே வருகிறேன் என்று காதில் அடைப்பானோடு குனிந்திருந்தான்.

வயதானவர் லீவில் போயிருந்தார். அவர் இடத்தில் புதிதாக ஓர் இளைஞர். வேகமாக நடந்து வந்து என்னெதிரே நின்று அரபியில் ஏதோ கேட்டார். சாதாரணமான கேள்விதான், குரலில் ஒரு விசேஷமும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்பது எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை, எட்டு வருடமாகப் புரியாமல்தானே இருக்கிறேன். சிரித்தேன், தலையாட்டினேன், தமாம் என்றேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். நான் இன்னொரு தடவை தமாம் என்றேன்.

அவர் நாற்பதடி தள்ளியிருந்த மேடையில் ஏறினார். அங்கிருந்து என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நல்ல மரியாதை தெரிந்த பையன் என்று நினைத்து நானும் கையை உயர்த்தினேன். அப்புறம் அவர் முகக்கவசத்தை இறக்கி மாட்டிக்கொண்டு, வால்வுச் சக்கரத்தில் இரண்டு கைகளையும் வைத்தார்.

முகக்கவசம் எதற்கு என்று ஒரு நொடி யோசித்தேன். அடுத்த நொடி கொதிநீர் என்று உறைத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது என் கை விசிலுக்குப் போகவில்லை, சட்டைப்பைக்குப் போனது. போனைத் தேடியது. வெறும் பையைத் தடவிக்கொண்டு நின்றேன். நிறுத்து என்பதற்கும் ஆள் இருக்கிறான் என்பதற்கும் எனக்கு அரபி தெரியாது. வாயைத் திறந்தால் தமிழ்தான் வந்தது. ஆளு உள்ள இருக்கு, ஆளு உள்ள இருக்கு என்று கத்தினேன். கம்ப்ரஸர் சத்தத்தில் அவருக்கு அது கேட்கவே இல்லை. பிறகுதான் விசில் ஞாபகம் வந்தது. ஊதினேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

குழி விளிம்பில் படுத்து, தாள் செருகிய அட்டையையும் பேனாவையும் அவன் முதுகில் விட்டெறிந்தேன். அவன் நிமிர்ந்து ஒரு காது அடைப்பானை எடுத்துவிட்டு, ஒரே ஒரு போல்ட்டுதாண்ணே என்றான்.

"ஏறுடா. தண்ணி வருது, ஏறு."

அவன் கேள்வி கேட்கவில்லை. ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஏணியைப் பிடித்தான். மூன்றாவது படியில் கால் வைத்தபோது பக்கச் சுவரிலிருந்த பைப் வாய் ஒருமுறை இருமியது, பிறகு ஆவியோடு தண்ணீர் பாய்ந்தது. எனக்கு அவன் தெரியவில்லை, வெள்ளையாக ஆவிதான் தெரிந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவினேன். ஹெல்மெட் தட்டுப்பட்டது, காலரைப் பிடித்து இழுத்தேன். ஒருவேளை இந்த நொடியில் இவன் செத்தால் நான்தான் கொன்றவன் என்று தெளிவாக, வார்த்தை வார்த்தையாக, எனக்குள் ஓடியது. அவன் வயிறு விளிம்பில் ஏறியது. இடது கால் மட்டும் பிந்தியது. பூட்ஸுக்கு மேலே, கணுக்காலைச் சுற்றி வெந்துவிட்டது.

ஹெல்மெட் வெளியே வந்ததைப் பார்த்துத்தான் ஆபரேட்டர் சக்கரத்தைத் திருப்பி மூடினார். மேடையிலிருந்து ஓடி வந்தார். முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு என் தோள்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்க ஏதோ கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தமாம், தமாம் என்றேன். தலையையும் ஆட்டினேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். கீழே உட்கார்ந்திருந்த இவனிடம் குனிந்து அதையே கேட்டார். இவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கால் மட்டும், சூடு, கொஞ்சம், என்று மூன்று துண்டு அரபியில் பதில் சொன்னான். அவர் அவன் பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார்.

பிற்பகலில் சேஃப்டி ஆபீசில் விசாரணை. போகிற வழியில் போர்மேன் என்னைத் தனியே இழுத்து, அந்த ஆபரேட்டர் உன்னிடம் கேட்கவே இல்லை என்று சொல்லிவிடு, புது ஆள், சவூதிக்காரன், அவனுக்கு ஒன்றும் ஆகாது, உனக்கும் எனக்கும்தான் ஊருக்கு டிக்கெட் எழுதுவார்கள் என்றார். ஊரில் பாதி கட்டிய வீடு என் கண்முன் வந்து நின்றது. தலையாட்டினேன். அதுதான் எனக்கு நன்றாக வருமே.

அதிகாரி தன் போனை மேஜை நடுவில் வைத்துத் தமிழைத் தேர்ந்தெடுத்தார். எதிரே அந்த இளைஞர் உட்கார்ந்திருந்தார். அதிகாரி அரபியில் கேட்க, போனிலிருந்து ஒரு பெண்குரல் செய்தி வாசிப்பதுபோல் நிதானமாகச் சொன்னது: "அவர் உங்களிடம் கேள்வி கேட்டாரா? அந்தக் கேள்வி உங்களுக்குப் புரிந்ததா?"

ஒரு எழுத்து பிசகாத நல்ல தமிழ். நான் சும்மா இருந்தேன். போனும் சும்மா இருந்தது. அதிகாரி அதை என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார். நான் பொய் சொன்னாலும் அது அப்படியே சொல்லும், உண்மை சொன்னாலும் அப்படியே சொல்லும் என்று தெரிந்தது. எது வேண்டும் என்று நான்தான் சொல்லவேண்டும். கேட்டார், இரண்டு தடவை கேட்டார், எனக்குப் புரியவில்லை, புரியாமலே தமாம் சொன்னேன் என்றேன்.

போன் அதை அரபியில் சொன்னதும் இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்" என்றது போன்.

வேலை போகவில்லை. எனக்கும் போர்மேனுக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஷட்டவுனில் ஆள் பற்றாக்குறை, இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள்.

அறைக்கு வந்தபோது அவன் கீழே என் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கணுக்காலைச் சுற்றிக் கட்டு. வீட்டுக்குப் பேசியாகிவிட்டது, வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டேன் என்றான். நான்தான் காப்பாற்றினேன் என்று கேம்ப் முழுக்கப் பேச்சு பரவியிருந்தது. பக்கத்து அறைக்காரர்கள் வந்து என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அவனும் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்னால உசுரோட இருக்கேண்ணே என்றான். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. ஆபரேட்டர் வந்து கேட்டது, நான் சிரித்தது, இரண்டு தடவை சொன்னது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அரபி தெரியாமல் போனதால் வந்த வினை என்றும் சொன்னேன். இனி நானும் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றேன்.

அவன் கையை விடவில்லை. கோபப்படவும் இல்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"புரியலன்னு சொல்றதுக்கு எதுக்குண்ணே அரபி? சும்மா நின்னிருந்தாலே அவரு எட்டிப் பாத்திருப்பாரு."

அடுத்ததையும் அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

"இனிமே நான் எறங்குறப்ப நீ மேல நிக்க வேணாம்ணே."

ஏழு மாதம் ஆகிறது. ஏமன்காரர் கடைக்கு நானும் போகிறேன். வளையாத நாக்கை வளைத்துத் தினம் ஐந்தாறு வார்த்தை படிக்கிறேன். எல்லா ஆளும் வெளியே வந்தாச்சா என்று அந்த இளைஞர் அன்று கேட்ட கேள்வி இப்போது எனக்குப் புரியும். உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்று பதில் சொல்லவும் வரும். புரியாவிட்டால் இல்லை என்று தலையசைக்கிறேன். அவரும் சலிக்காமல் திரும்பச் சொல்கிறார், குழிக்குள்ளும் எட்டிப் பார்க்கிறார். அறையில் நாங்கள் எப்போதும்போலத்தான். அவன் குழம்பு வைத்தால் நான் சோறு வடிக்கிறேன், பஸ்ஸில் ஒரே சீட்டில் போகிறோம், சின்னப்பெண் முதல் மார்க் வாங்கியதை என்னிடம்தான் முதலில் சொன்னான். ஆனால் குழி வேலை வரும் நாளில் காலையிலேயே போர்மேனிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ பேசிவிட்டு வருவான். என் பெயரை வேறு குழிக்கு எழுதுவார்கள். அவன் இறங்கும் குழிக்கு இன்றுவரை வேறொருவன்தான் நிற்கிறான்.