எவ்வளவு மெதுவாகப் போகும்?

"இது எவ்ளோ மெதுவா போகுங்க?"

மோட்டார் சைக்கிளை விற்க வந்தவர் திகைத்து நிற்கிறார். பெயர் சிங்காரவேல், திருவதிகையில் முந்திரி வியாபாரம். காலையிலேயே தன் பழைய எஸ்டி வண்டியைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பண்ருட்டியிலிருந்து கடலூர் போகும்போது எந்தெந்த பஸ்ஸை முந்தினார் என்று சொல்லத் தயாராக வந்தவரிடம் இப்படி ஒரு கேள்வி.

"மெதுவாவா? அதுக்கு எதுக்குங்க எஸ்டி? நல்லதா ஒரு மாட்டுவண்டி பாருங்க."

கேள்வி கேட்ட தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. வண்டிக்கு இடப்பக்கம் நின்று, வலது காலால் உதைத்துக் கிளப்பி, ஏறி, நின்றவாறே ஓட்டுகிறார். மந்தாரக்குப்பம் சாலையோரம் தனகோட்டியின் ஒர்க்‌ஷாப் வாசலில், சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஷிப்ட் பஸ் ஒன்று நிற்கிறது. அதன் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை போகவேண்டும். அவ்வளவுதான் சோதனை. கடிகாரம் கிடையாது. நண்பர் குஞ்சிதபாதம் ஒரு பீடியைப் பற்றவைக்கிறார். பீடி முடிவதற்குள் வண்டி பஸ்ஸின் முகத்தைத் தாண்டிவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

வேகமாக ஓட்டுகிறவர்களைப் பார்க்கக் கூட்டம் கூடுவதை நான் பத்திரிகையில் நிறைய எழுதியிருக்கிறேன். மெதுவாக ஓட்டுகிற ஒருவரைப் பார்க்க டீக்கடையே எழுந்து வந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன். சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். டயரில் ஒட்டியிருந்த ஒரு புளியிலை மேலே ஏறி, உச்சிக்கு வந்து, யோசித்து, மறுபக்கம் இறங்கியது. பஸ்ஸின் நடு ஜன்னலுக்கு நேராக வண்டி நின்றேவிட்டது. அவர் விழவில்லை. முழங்கால்கள் மட்டும் லேசாக அசைந்தன. பிறகு மறுபடி நகர்ந்தது. குஞ்சிதபாதம் விரலைச் சுட்டுக்கொண்டு பீடியை எறிந்தபோது முன்சக்கரம் டிரைவர் இருக்கையைக்கூட எட்டவில்லை.

"என்னா சார், வண்டிய ஓட்றாரா, தாலாட்றாரா?" என்றார் சிங்காரவேல்.

*

தெய்வசிகாமணிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கென்று வந்து நெய்வேலிக்காரராகவே ஆகிவிட்டவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டுகிற குழுவில் இருக்கிறார். நகக்கண்களில் ரப்பர் பசை எப்போதும் கறுப்பாக இருக்கும். குள்ளமான உருவம், முன்னங்கைகள் மட்டும் வேறொரு பெரிய ஆளிடம் கடன் வாங்கியவை போலிருக்கும். இடது காலை, நிறையத் தண்ணீர் ததும்பும் தம்ளரை எடுத்துச் செல்வதைப் போலக் கவனமாகத் தரையில் வைத்து நடப்பார்.

ஷிப்ட் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். நடுவில் நிற்பார், கம்பியைப் பிடிக்கமாட்டார். டிரைவர் பிரேக் போட்டால் மற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். இவர் மட்டும் காற்றில் நாணல்போல ஒருமுறை வளைந்து நிமிர்வார். பல் தேய்ப்பது ஒற்றைக் காலில். வீட்டு வாசலில் காய்கறிக் கூடையோடு வரும் மாரியம்மாளிடம், நிற்கிற சைக்கிள்மேல் இருந்தபடியே, கால் ஊன்றாமல் கத்தரிக்காய் வாங்குவார்.

"எறங்கி வாங்குனா என்னா சார், காயி கசந்துடுமா?" என்று மாரியம்மாள் கேட்பாராம். "சைக்கிள் மேல நின்னுகினே பேரம் பேசறீங்க. எனக்குத்தான் கிறுகிறுன்னு வருது, கேட்ட வெலைக்குக் குடுத்துட்டுப் போயிடறேன்."

இவ்வளவும் ஒரு விளையாட்டுக்காக. நகரியத்தில் மோட்டார் சைக்கிள் பிரியர்கள் சிலர் சேர்ந்து பொங்கலுக்குப் பிறகு ஒரு போட்டி நடத்துகிறார்கள். பந்தயம் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். சுரங்கம் தோண்டும்போது எடுத்துக் கொட்டிய மண் ஊருக்கு வெளியே மலைபோல் கிடக்கிறது அல்லவா, அதில் கொடிக்குச்சிகள் நட்டு ஒரு வழி போடுவார்கள். பள்ளம், பாறைக்கட்டி, ஓடையின் சரிவு, களிமண் எல்லாம் வழியில் வரும். அதில் கால் ஊன்றாமல் ஏறி இறங்கவேண்டும். ஊன்றினால் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மார்க் போகும். யார் முதலில் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

தெய்வசிகாமணி அதில் ராஜாவாக இருந்தவர். எட்டொன்பது வருடங்களுக்கு முன்பு அதே மேட்டில் விழுந்து, இடது கணுக்கால் நொறுங்கி, அதோடு விட்டுவிட்டார். ஏன் விழுந்தார் என்பதைக் குஞ்சிதபாதம் எல்லோருக்கும் சொல்வார். பக்கத்தில் தெய்வசிகாமணியை வைத்துக்கொண்டே சொல்வார்.

"கால் வைக்கிற கட்டைக்கு மேல கன்வேயர் பெல்ட்டை வெட்டி ஒட்டிட்டாரு சார். நம்ம ஊர்ல செருப்புக்கு அடியில பெல்ட்டு, வாசப்படில பெல்ட்டு, மாட்டுக்கொட்டாய்ல பெல்ட்டு. பெல்ட்டுன்னா சாமி. அத்தனை கரிய ஏத்திக்கிட்டு ஓடுது, இது எங்க வழுக்கப்போவுதுன்னு நெனைப்பு. மழை பேஞ்சா களிமண்ணு ஒட்டி அந்த பெல்ட்டே அதைச் சுத்தற டிரம்முல வழுக்கும். அந்த மண்ணைச் சுரண்டி எடுக்கறதுதான் இந்த ஆளோட பொழப்பு! போட்டிக்கு மொத நாள் மழை. கால் வழுக்குச்சு, கட்டைக்கும் பாறைக்கும் நடுவுல மாட்டுச்சு."

"நீயும்தான்யா ஒட்டிருந்த" என்றார் தெய்வசிகாமணி.

"ஒட்டிருந்தேன். உன்னைப் பாத்துட்டு அன்னிக்கு ராத்திரியே பிச்சுட்டேன்."

*

திரும்பவும் வண்டி ஓட்டப்போவதாக அவர் சொன்னதும் மனைவி சந்திரகலா சண்டை போடவில்லை. நிபந்தனை போட்டார். அதை என்னிடம் சொன்னபோது மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார், மிதியை நிறுத்தவில்லை.

"டாக்டர் என்ன சொல்லியிருக்காரு தெரியுங்களா? அந்த மூட்டு இன்னொரு தடவை போச்சுன்னா அப்புறம் மைன்ஸ்ல ஏணி ஏற முடியாதுன்னுட்டாரு. லைட் டூட்டிதான், அதுவும் குடுத்தா. அதனால சொல்லிட்டேன். வண்டியை வாங்கறதுக்கு முன்னாடி அந்த மேட்டுல ஏத்திக் காட்டணும். எடது காலு மண்ணுல பட்டுச்சோ, வண்டி கொண்டாந்தவன்கிட்டயே போயிடணும், இந்தப் பேச்சும் அதோட முடிஞ்சுடணும். வலது காலை எத்தனை தடவை வேணா ஊனட்டும். மார்க்கெல்லாம் எனக்கு வேணாம்."

"ஆஸ்பத்திரி பெஞ்சுல அவ்வளவு நாள் உக்காந்தவ நானுங்க" என்று ஒரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

ஆகவே வண்டி தேர்ந்தெடுப்பது சாதாரண விஷயமாக இல்லை. தனகோட்டி முதலில் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு புல்லட். அவருடைய கணக்கு தெளிவானது. "ஒதைக்கறதும் வலது காலு, கியரும் வலது காலு. எடது காலு பாட்டுக்கு சும்மா கெடக்கும் சார். உங்களுக்குன்னே செஞ்சுகினு வந்தாப்புல கீது." ஊரே ஆமோதித்தது. தெய்வசிகாமணி ஏறி நின்று, இடது காலால் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். மறுபடி மிதித்தார். இறங்கிவிட்டார்.

"இந்தக் காலுக்கு முழுசா மிதிக்கத் தெரியுது, இல்லேன்னா சும்மா இருக்கத் தெரியுது. நடுவுல ஒண்ணும் தெரியலைங்க. சரிவுல பிரேக்குன்னா நடுவுலதானே வேலை."

அடுத்து வந்த ராஜ்தூத்தையும் பஸ் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தார். பீடி ஜெயித்துவிட்டது; அது முடியும் முன்பே வண்டி பஸ்ஸைத் தாண்டியிருந்தது. புதிதாக வந்திருக்கும் சின்ன ஜப்பான் வண்டியைப் பக்கத்துப் பிளாக் இளைஞர் ஒருவர் கொடுத்தார். "தங்கமான வண்டி, ஆனா ஓடணும் ஓடணும்னே துடிக்குது" என்று தெய்வசிகாமணி திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் சிங்காரவேலின் எஸ்டி. அதில் எல்லாமே தலைகீழ். வண்டிமேல் இருந்தபடி உதைப்பதும் கியர் போடுவதும் இடது காலால், ஒரே தண்டில். பிரேக் வலது காலில். தனகோட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், கெட்டுப்போன காலுக்கு ரெண்டு வேலை குடுக்கறீங்களே!"

"கியரு ஒரு தடவை போடறதோட சரி. மேட்டுல எவன் கியர் மாத்தறான்? பிரேக்கு நல்ல காலுக்கு வந்துடுது."

"நடுவுல இஞ்சின் நின்னுபுட்டா? சரிவுல நின்னுகினு எந்தக் காலால ஒதைப்பீங்க?"

தெய்வசிகாமணி பெட்ரோல் டாங்கின்மேல் கை வைத்துக்கொண்டிருந்தார். "நின்னாத்தானே உதைக்கணும்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வீம்பு இல்லை. மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிற முகம்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் மேட்டடியில் கூடினோம். தனகோட்டி கால் வைக்கும் கட்டைகளைக் கழற்றிவிட்டு, இரும்புப் பட்டையில் அரத்தால் பல் வெட்டி மாட்டியிருந்தார். ரப்பர் என்று பேருக்குக்கூட எதுவும் இல்லை. சந்திரகலா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வேலிக்காத்தான் மரத்து நிழல்கூட விழாத இடமாகப் பார்த்து நின்றார். அங்கிருந்துதான் இடது கால் நன்றாகத் தெரியும்.

தெய்வசிகாமணி செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் வழி முழுவதையும் வெறுங்காலால் நடந்து ஏறினார். தான் விழுந்த பாறைக்கட்டியிடம் குனிந்து, அதன் முதுகைத் துடைத்தார். இறங்கி வந்து பூட்ஸை மாட்டி, வண்டியைச் சமதளத்தில் கிளப்பி, ஏறி நின்றார்.

"முறுக்குங்க சார், முறுக்குங்க! நல்ல இழுவை இருக்கு!" என்று சிங்காரவேல் கத்தினார்.

அவர் முறுக்கவில்லை. வண்டி மேட்டை முகர்ந்து பார்ப்பதுபோல் ஏறியது. முன்சக்கரம் ஒரு கட்டியைத் தொட்டு நிற்கும். அவர் உடம்பைப் பின்னால் சாய்ப்பார். சக்கரம் தானாக எழுந்து கட்டியின்மேல் உட்காரும். மண் சரியும் சத்தம்கூடக் கேட்டது. குஞ்சிதபாதம் வழக்கப்படி பீடியைப் பற்றவைத்தார், இழுக்க மறந்தார், அது அணைந்துபோனது அவருக்குத் தெரியவில்லை.

பாறைக்கட்டி வந்தது. அங்கே மண் ஈரமாக இருந்திருக்கவேண்டும். பின்சக்கரம் ஒருபக்கமாக நழுவியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. இஞ்சின் சத்தம் மெலிந்து, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு இழுக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. இடது கால் கட்டையை விட்டு எழுந்தது. பழைய பழக்கம், தரையைத் தேடுகிற கால். மண்ணுக்கும் பூட்ஸுக்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருந்தால் அதிகம்.

சிங்காரவேல் ஓரடி முன்னால் வந்துவிட்டார்.

தெய்வசிகாமணி அந்தக் காலைக் காற்றிலேயே வைத்திருந்தார். உடம்பு மட்டும் வலப்பக்கம், பக்கத்தில் தூங்குகிறவருக்காக ஒருவர் நகர்ந்து படுப்பதுபோல, மெல்ல நகர்ந்தது. வண்டி நிமிர்ந்தது. கால் திரும்பி வந்து இரும்புப் பல்லின்மேல் உட்கார்ந்தது. இஞ்சின் ஒருமுறை இருமிவிட்டுத் தன் சத்தத்துக்குத் திரும்பியது. பாறைக்கட்டி பின்னால் போனது. மேட்டின் உச்சியில், வானத்துக்கு எதிரே அந்தக் குள்ள உருவம் சிறிது நேரம் அசையாமல் நின்றது. ஓடுகிற எதையும் பார்த்து நான் அப்படி வாய் பிளந்ததில்லை.

"என் வண்டியா அது?" என்று சிங்காரவேல் மெதுவாகக் கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

இறங்குவது ஏறியதைவிட மெதுவாக நடந்தது. கடைசிச் சரிவையும் தாண்டி, சந்திரகலாவுக்கு எதிரே கையெட்டும் தூரத்தில் வண்டியை நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை. இரண்டு கால்களும் கட்டைகளின்மேல் இருக்க, நின்ற வண்டியில் நின்றுகொண்டிருந்தார். முழங்கால்கள் மட்டும் லேசாக அசைந்தன. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது; துடைக்கக் கையை எடுக்கவில்லை.

"எறங்குய்யா, அதான் முடிஞ்சுடுச்சே!" என்றார் குஞ்சிதபாதம்.

தெய்வசிகாமணி மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரகலா அவரை அப்படியே நிற்கவிட்டார். பூட்ஸைப் பார்த்தார். அதன் அடியில் மண் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு வண்டியின் இடப்பக்கம் வந்து, தலைப்பை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகி, இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் இடது காலைக் கீழே வைத்தார்.