ஹீட்டர் பேனும் அம்மாள் விளக்கும்

இருபுறமும் வயல்வட்டை வெள்ளத்தில் கிடந்தது. அப்பாவின் பழைய லொறி நடு வீதியில் நின்றது. அடைமழைக்குக் கதவுக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டதால் முன்கண்ணாடியில் ஆவி படிந்து, துடைக்கத் துடைக்க மூடியது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் என் இறுதிப் பரீட்சை தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது. எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

கண்ணாடிக்குச் சூடான காற்றடிக்கும் ஹீட்டர் பேன் சுற்றவில்லை. பௌதிகம் படிப்பவள் என்ற திமிரோடு டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தேன். பியூஸ் நன்றாகவே இருந்தது. ஆனால் பேனுக்குப் போகவேண்டிய வயரை வெட்டி, மேலே மாட்டியிருந்த அம்மாள் சாமிப் படத்தின் விளக்குக்குக் கொடுத்திருந்தது.

அப்பா, “இந்த வெக்கைக்க ஹீட்டர் என்னத்துக்கு எண்டு நான்தான் மாத்தினன். அதில கை வைக்காத புள்ள. அந்த லைற் இல்லாம நான் ஒருநாளும் ஓடினதில்ல” என்றார்.

“அம்மாளுக்கும் றோட்டுத் தெரியோணுமே அப்பா?”

அவர் சிரிக்கவில்லை. நாங்கள் மூச்சுவிட விடக் கண்ணாடி இன்னும் வெளுத்தது. பிறகு படத்தைத் தொட்டுக் கும்பிட்டு, வயர் வெட்டும் குறட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நீயே கழட்டு. எனக்கு ஏலாது.”

வயரைக் கழற்றிப் பேனுக்குக் கொடுத்தேன்; அம்மாள் விளக்கு அணைந்து, பேன் கரகரவென்று சுற்றியது. கண்ணாடியில் உள்ளங்கை அளவு தெளிந்த இடத்தால் குனிந்து பார்த்தபடி, கம்பஸ் வாசல் வரை அப்பா லொறியை ஓட்டினார்.