பெயர் சொல்லிக் கூப்பிடும் சங்கம்

செமோரில் ஒரு சீனர் காப்பிக்கடை மாடியில்தான் எங்கள் சங்கம் முதன்முதலாகக் கூடியது. வெளிநாட்டில் பிறந்து மலேசியாவில் ஈப்போவரை வந்துவிட்ட சேவைச் சங்கம் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதைச் செமோருக்கும் கொண்டுவந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர், எங்கள் ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு அவர் பெரிய கிராணி. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் அவரால் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை.

இருபது பேர் சேர்ந்தால்தான் கிளைக்கு அனுமதி. என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேர் தேறிவிட்டோம். இருபதாவதாக அவர் பிடிக்க நினைத்தது என் அண்ணனை. பெரிய கிராணியைவிட மூத்தவர். தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டிவிட்டு, அப்போது லூமுட்டிலிருந்து மீன் ஏற்றும் சொந்த லோரி வைத்திருந்தார். அண்ணன் மசியவில்லை. காரணம், சங்கத்தின் ஒரு விதி. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். ஐயா, சார் எதுவும் கூடாது. தவறினால் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பாட வேண்டும்.

இதில் என்ன கஷ்டம் என்று பெரிய கிராணிக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்தே எங்களைப் பெயர் சொல்லித்தானே கூப்பிட்டார், அதுவும் பாதிப் பெயர். அவர் பெயரைச் சொல்ல வராமல் நாக்கு ஒட்டிக்கொண்டது எங்களுக்குத்தான். நாங்கள் பாடிய பாட்டில் கீழே காப்பி வியாபாரமே படுத்திருக்கும்.

கடைசியில் அண்ணன் என்னையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டார்.

"பேரு சொல்லிக் கூப்பிடுறது உங்களுக்குப் பழக்கம்லா. ஒரு தடவயாச்சும் என்னை அண்ணேன்னு கூப்பிட்டிருக்கீங்களா? அப்படிக் கூப்பிடுங்க, நான் வாரேன்."

பெரிய கிராணி எழுந்து உள்ளே போய்விட்டார். சங்கம் இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஈப்போவிலிருந்து பொறுப்பாளர்கள் ஆள்கணக்குப் பார்க்க வந்திருந்தார்கள். அண்ணன் வந்தார், ஆனால் படியிலேயே நின்றுகொண்டார். பெரிய கிராணி மேசையை விட்டு எழுந்து அவரிடம் போனார்.

"மாரி அண்ணை, உள்ளுக்கு வாங்கோ" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

அண்ணன் உள்ளே வந்து உட்கார்ந்தார். விதி விதிதானே. யாரும் கேட்குமுன் பெரிய கிராணியே நிமிர்ந்து நின்று ஏதோ பள்ளிக்கூடப் பாட்டைப் பாடினார். சுருதிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்று சங்கத்தில் இளைஞர்கள் என்னையும் சுலபமாகப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய கிராணி, உயிரோடு இருந்தவரை, ஒவ்வொரு கூட்டத்திலும் என் அண்ணனை 'அண்ணை' என்றே அழைத்தார். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று பாடினார்.