குழி குடித்த பிறகு ஒரு டீ

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். நல்லது நிறைய உண்டு. ஆனால் அவர் செய்த ஒரு தவற்றையும் எழுதப் போகிறேன். அதில் பாதி என்னுடையது.

விக்கிரவாண்டிக்கு அருகே, ஒரு சாண் நிலமும் இல்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கிணறு வெட்டும் ஆட்களோடு சேர்ந்தார். கிணற்று வேலை குறைந்ததும் திண்டிவனம் வந்து, கழிவறைக் குழி தோண்டி சிமெண்ட் உறை இறக்கும் மேஸ்திரியானார். அம்மா சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகளான என்னை ஆசிரியை ஆக்கியவை அந்தக் குழிகள்தான்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். உறை இறக்குமுன், மண் நீரை உறிஞ்சுமா என்று பார்க்க ஒரு சோதனைக் குழி தோண்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். மண் அதை இழுத்து முடிக்கும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கமாட்டார். “மொதல்ல குழி குடிக்கட்டும், அப்பால நான் குடிக்கிறேன்” என்பார். வீட்டுக்காரர்களில் சிலர் சிரிப்பார்கள், சிலருக்கு எரிச்சல் வரும்.

செஞ்சி சாலையில், ஒரு குன்றின் சரிவில் நான் வீடு கட்ட மனை வாங்கினேன். கிராவல் கொட்டி மட்டமாக்கி விற்றிருந்தார்கள். பார்க்கச் சமதளம், அடியில் சாய்ந்த பாறை. கடைக்கால் எடுக்கும்போது, எவ்வளவு ஆழமானாலும் பாறை முட்டும்வரை தோண்டியே ஆகவேண்டும் என்று அப்பா நின்றார். “ஒரு காலு கல்லுலயும் ஒரு காலு கொட்டின மண்ணுலயும் நின்னா, வூடு ரெண்டா பொளந்துக்கும்மா” என்றார். வீட்டில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

கழிவறைக்கான குழியைச் சோதித்த அன்று கத்திரி வெயில். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. முகம் வாடியிருப்பதைப் பார்த்து டீயை நீட்டினேன்.

“குழி இன்னும் பாதிதாம்மா குடிச்சிருக்குது.”

“என் வீட்லயுமா இந்த வீம்பு? குடிங்கப்பா.”

மகள் சொல்கிறாளே என்று குடித்தார். “கிராவல்தான, மீதியும் இழுத்துக்கும்” என்று எழுந்துவிட்டார். மேல்பாதியைத்தான் கிராவல் இழுத்திருந்தது. கீழ்ப்பாதி பாறைமேல் நின்றிருக்கும். அதைப் பார்க்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இரண்டு வருடத்தில், நான் வைத்த மாவும் கொய்யாவும் வேர் இறங்க இடமின்றிக் கருகின. கீழ்மூலை முருங்கை மட்டும் மாடி உயரம் தழைத்தது. ஐப்பசியில் வந்த அப்பாவிடம் அதைப் பெருமையாகக் காட்டினேன்.

“இதுக்கு நீ தண்ணி ஊத்துறியா?”

“இல்லப்பா, அதுவா வளருது.”

அவர் சிரிக்கவில்லை. மண்வெட்டியால் இரண்டு கொத்து கொத்தி, ஈரமண்ணை அள்ளி மோந்து பார்த்தார். கழிவு வாடை. பிறகு சரிவின் கீழே பார்த்தார். முருங்கைக்கு நேர் கீழே, பக்கத்து வீட்டுச் செல்வியின் கிணறு. குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். செல்வி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. வானம் வேறு கருத்துக்கொண்டிருந்தது. மழை இறங்கினால், பாறைமேல் தேங்கிய கழிவு அத்தனையும் அந்தக் கிணற்றுக்குப் போய்விடும்.

“அவகிட்ட சொல்லாதீங்கப்பா. சத்தமில்லாம சரிபண்ணிடலாம். உங்க பேரு கெட்டுடும்” என்றேன். எழுதவே கூசுகிறது.

“சரிபண்ற வரைக்கும் அந்தப் பொண்ணு எத குடிக்கும்?”

கேட்டுவிட்டு அவர் இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். செல்வி கையில் சொம்போடு வாசலில் நின்றிருந்தாள்.

“அந்தத் தண்ணிய கீழ ஊத்தும்மா. நான் போட்ட குழி தப்பு. எங்க கழிவு உன் கெணத்துல எறங்குது.”

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். “நாலு நாளா வயித்தால போவுது பெரியப்பா. மாசமா இருக்கறதால வருதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றாள். அவள் கணவர் மணி அவளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அப்பா எங்கள் கழிவறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, குழிக்கு வேறு இடம் தேடிக் கடப்பாரையை எடுத்தார். முதல் குழியில் ஊற்றிய தண்ணீர் டம்ளரில் நிற்பதுபோல் நின்றது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அப்படியே. தூறல் விழ ஆரம்பித்தது. நான் வைத்த டீயை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. சர்க்கரை இறங்கிவிடுமோ என்று எனக்குப் பயம். ஆனால் குடிக்கச் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியாக, கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் இருந்த என் கனகாம்பரப் பாத்தியைக் காட்டினார். நானே செடிகளைப் பிடுங்கி எறிந்தேன். அங்கே மட்டும் பாறை உள்வாங்கி, செம்மண் ஆழமாக இருந்தது. ஊற்றினோம், காத்திருந்தோம். அது தூறலையும் சேர்த்துக் குடித்தது. அடிமண் தெரிந்த பிறகு மணி போன் செய்தார். தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்தில்லை. அப்பா ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, தண்ணீர் நல்லதென்று பரிசோதனையில் வரும்வரை, தினமும் காலையில் தன் மொபெட்டில் அவர்களுக்குக் குடிநீர் கேன் கொண்டுபோனார். செல்வி அவரிடம் பேசினாள். மறைக்கப் பார்த்ததை நானே ஒப்புக்கொண்ட பிறகு, என்னிடம் பேசப் பல மாதங்கள் ஆயின. அது நியாயம்தான்.

சென்ற மழைக்காலத்தில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஓடி வந்த உறவினர்களுக்கும், செபித்த பங்குத்தந்தைக்கும், கொட்டும் மழையில் குழி வெட்டியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்விக்கும் மணிக்கும் சொல்லவேண்டியது தனி.

கல்லறைத் தோட்டத்தில், வெட்டிய குழியில் மழைநீர் நின்றது. மணி இறங்கி வாளி வாளியாக இறைத்தார். செல்வி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். நான் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. குழியின் ஓரம் போய் எட்டிப் பார்த்தாள்.

“இருங்கக்கா, இன்னும் கொஞ்சம் நிக்கிது.”

இருவரும் நின்றோம். மிச்சத் தண்ணீரை மண் மெல்ல இழுத்துக்கொண்டது. அப்பாவை இறக்கி, எல்லோரும் பிடிமண் போட்ட பிறகுதான் அவள் அந்த டீயை என் கையில் கொடுத்தாள்.

– மகள்