வீட்டுக்குள் வரக்கூடாத சொற்கள்

அந்த வீடியோவை நான் இன்னும் நீக்கவில்லை. போனில் ஸ்டுடியோ ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். சின்னப் படத்தில் என் கணவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்பார். அவருக்கு மேலே ஒரு இரும்புக் குழாய் தொங்கும். அழித்துவிடலாம் என்று நான் சொன்னபோது என் மாமியார் விடவில்லை. அதனால் அதைத் தாண்டி மற்ற வேலையைப் பார்க்கிறேன்.

என் கணவருக்குப் போர்வெல் வண்டியில் வேலை. திருச்செங்கோட்டில் இப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள். எங்கள் தெருவில் பாதி ஆண்கள் அந்த வேலைக்குத்தான் போகிறார்கள். தை பிறந்ததும் வண்டிகள் கிளம்பும். கர்நாடகம், ஆந்திரம், அதற்கும் அப்பால் என்று பூமியைத் துளைத்துக்கொண்டே போய், மழை விழுந்த பிறகுதான் திரும்பும். நடுவில் ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் போனில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படி எனக்குக் காட்டுவதற்காக அவர் எடுத்து அனுப்பியவைதான் முதல் வீடியோக்கள். காய்ந்த காட்டில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வரும். ஊர்ச்சனம் குழந்தை குட்டியோடு ஓடிவந்து நனையும். நான் சும்மா ஒரு சேனல் ஆரம்பித்து அதில் போட்டேன். பார்த்தவர்கள் இன்னொன்று போடுங்கள் என்றார்கள். அதன்பிறகு அவர் அங்கே எடுப்பார், நான் இங்கே வெட்டி ஒட்டி ஏற்றுவேன் என்று ஆகிவிட்டது. சேனலைக் கவனிப்பதற்கென்றே ஸ்டுடியோ என்று ஒரு ஆப் உண்டு. யார் எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள், எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி, துணி துவைக்கும்போதுகூட கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவேன்.

எங்கள் சேனலைப் பார்ப்பவர்கள் விடியற்காலைப் பிராணிகள். விவசாயிகள், லாரிக்காரர்கள், எங்களைப் போன்ற வண்டி வீட்டுப் பெண்கள். அதனால் வீடியோ காலை ஆறு மணிக்குத் தானாக வெளியாகும்படி முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிடுவேன். ஆறு மணிக்கு அத்தை, அதாவது என் மாமியார், டம்ளரோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மகனின் முகத்தைப் பார்ப்பார். “மூஞ்சி தெளிவா இருக்குது” என்பார். அது எடுத்துப் பல நாளான படம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பிறகு, “கமெண்ட்டு வாசி சாமி” என்பார். ஊரார் தன் பிள்ளையைப் புகழ்வதை வெறும் வயிற்றில் கேட்கிற பாக்கியம் எத்தனை தாய்மார்களுக்குக் கிடைக்கும்? நானும் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பேன்.

ஒருநாள் அந்த வேகத்தில் பார்க்காமல் ஒன்றை வாசித்துவிட்டேன். எவனோ ஒரு வயிற்றெரிச்சல்காரன், “பூமியை ஓட்டை போடறவனுக்கு அந்த ஓட்டையிலதான் சாவு” என்று எழுதியிருந்தான். அத்தை கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய் உப்பும் மிளகாயும் அள்ளிக்கொண்டு வந்து என் போனைச் சுற்றினார். போனுக்குத் திருஷ்டி கழித்த முதல் வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“வண்டி எடுக்கற நேரத்துல இந்தப் பேச்சு நம்ம ஊட்டுக்குள்ள வரலாமா? எதுலயாச்சும் தடுக்க முடியுமா பாரு.”

அவர் கேட்டதில் எனக்கு அதிசயம் ஒன்றுமில்லை. போர் ஓடுகிற இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்துத்தான் துளைக்கிற பிட்டைப் பூமியில் இறக்குவார்கள். அதுவரை எல்லாரும் தும்மக்கூட யோசிப்பார்கள். கெட்ட சொல் சொன்னவனைக் கீழே இறக்கிவிட்டுப் போன வண்டிகள் உண்டு. அங்கே அப்படி என்றால் வீட்டில் இருக்கிற நாங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பது அத்தையின் கணக்கு.

ஸ்டுடியோவில் அதற்கும் வழி இருந்தது. நமக்கு வேண்டாத சொற்களை எழுதி வைத்துவிட்டால், அந்தச் சொல் உள்ள கமெண்ட் வெளியே வராது. தனியாக ஒரு பெட்டிக்குள் போய்க் கிடக்கும். நாம் திறந்து பார்த்து அனுமதித்தால்தான் உண்டு. அன்று மத்தியானமே இருவரும் உட்கார்ந்தோம். அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக ஏற்பாடு. ஆனால் அவர் எந்தச் சொல்லையும் வாயால் சொல்லமாட்டேன் என்கிறார்.

“அதுதான் புள்ள, மேல போறது.”

“சாவுங்களா அத்தை?”

“சொல்லாத, எழுது!”

இப்படியே சாவு, பிணம், விபத்து, இரத்தம் என்று எழுதிக்கொண்டு போனேன். கடைசியில் அவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். “கயிறு பெருகிருச்சுன்னு சொல்லுவமே, அது.” தாலிக்கயிறு இற்றுப்போனால் எங்கள் வீடுகளில் பெருகிவிட்டது என்றுதான் சொல்வோம். இன்னொரு சொல் இருக்கிறது. அதை ஒரு சுமங்கலி வீட்டில் உச்சரிக்க மாட்டார்கள். பூச்சரத்து நாரைக்கூட அப்படிச் சொல்ல மாட்டோம். அந்தச் சொல்லை யார் எப்படியெல்லாம் எழுதுவார்களோ அப்படியெல்லாம் எழுதிச் சேர்த்தேன். வேலையில் நான் சுத்தம்.

அதற்குப்பிறகு எங்கள் காலைகள் நிம்மதியாகக் கழிந்தன. வந்ததெல்லாம் வாழ்த்துதான். அந்தப் பெட்டியில் ஏதோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். குப்பைத்தொட்டியை யாராவது கிளறிப் பார்ப்பார்களா? நான் திறக்கவே இல்லை.

மாசி முடியும்போது ராய்ச்சூர்ப் பக்கம் எடுத்த ஒரு வீடியோ திடீரென்று ஓடியது. ஸ்டுடியோவில் ஒரு கோடு உண்டு. வீடியோவின் எந்த இடத்தில் ஆட்கள் விலகிப் போகிறார்கள், எந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று அது காட்டும். பொதுவாக அது சரிந்துகொண்டே போகும். தண்ணீர் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிமிரும். இந்த வீடியோவில் நடுவில் ஒரு இடத்தில் செங்குத்தாக ஏறி நின்றது. தண்ணீர் வரும் இடமில்லை அது. தோண்டிய குழிக்குள் இறக்குவதற்காகக் கேசிங் குழாயைக் கம்பி ரோப்பில் தூக்குகிற இடம். போனைத் தரையில் சாய்த்து வைத்து, கீழிருந்து வானத்தைப் பார்க்க எடுத்திருந்தார். குழாய் மெல்ல மேலே போகும், அவ்வளவுதான். சனம் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் அவர் கூப்பிட்டபோது முதலில் அதைத்தான் சொன்னேன்.

“பைப்பு தூக்கறதையா பாக்கறாங்க?” என்றார். “அதுல என்ன புள்ள இருக்குது?”

“என்னமோ இருக்குதுங்க. கோடு சும்மா ஏறி நிக்குது.”

“அப்ப அதையே இன்னும் கிட்டப் போயி எடுத்துப் போடலாமா?”

“எடுங்க.”

அவர் டிரில்லர். லீவரைப் பிடித்துக்கொண்டு வண்டியின் ஓரத்தில் நிற்க வேண்டியவர். தொங்குகிற குழாய்க்கு அடியில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த ‘எடுங்க’வை நான் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன். அடுத்த வீடியோவில் லீவரை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து குழாய்க்குக் கீழே நின்றார். அந்த இடத்தில் கோடு இன்னும் ஏறியது. அதற்கடுத்ததையும் எடுத்து அனுப்பினார். அதை ஒழுங்குபண்ணி, மறுநாள் ஆறு மணிக்கு வெளியாகும்படி நேரம் குறித்து வைத்தேன்.

ஆனால் எனக்கு ஏதோ உறுத்தியது. பார்ப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், வாசிக்கக் கமெண்ட்டுகளோ குறைந்துகொண்டே வருகின்றன. அன்று மத்தியானம் ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். “அக்கா, நான் எத்தனை தடவை போட்டாலும் என் கமெண்ட் வர மாட்டேங்குது. தயவுசெய்து பாருங்க.” கீழேயே இன்னொருவர், “எனக்கும் அப்படித்தான்” என்று எழுதியிருந்தார். வேலையற்றவர்கள் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அதே எரிச்சலோடு அந்தப் பெட்டியைத் திறந்தேன்.

முதலில் இருந்தது: “அண்ணா, மேல கப்பிகிட்ட ரோப்புல இழை பிரிஞ்சு நிக்குது. அறுந்துரும். உடனே மாத்துங்க.”

அடுத்தது: “நானும் ரிக்கு வண்டியிலதான் இருந்தேன். பெரிய டிவியில நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். அந்த ரோப் தாங்காது, அறுந்துரும்.”

அதற்கும் கீழே: “அடியில நிக்காதீங்க. அறுந்தா விபத்து ஆயிரும்.”

விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ராசிபுரத்துக்காரர் ஒருவர் ஒவ்வொரு வீடியோவின் கீழும் அதையே எழுதியிருந்தார். சனம் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கீழே நிற்பவர் கண்ணுக்கு அந்த உயரத்தில் இருப்பது தெரியாது. தரையில் சாய்த்து வைத்த போனுக்குத் தெரிந்திருக்கிறது. என் சின்னத் திரையில் நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. போர் ஓடும்போது போனை எடுக்க மாட்டார்கள், நாங்களும் அந்த நேரத்தில் கூப்பிட மாட்டோம். அது எங்கள் வீடுகளில் வழக்கம். அதனால் எடுக்காததை வைத்து ஒன்றும் நினைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி கூப்பிட்டேன். “ரோப்பைப் பாருங்க, அடியில் நிற்காதீங்க” என்று செய்தி அனுப்பினேன். அவர் பார்த்ததற்கான அடையாளம் வரவில்லை. அப்போது அத்தை வந்து நின்றார்.

“என்ன புள்ள?”

அந்தச் சொல்லை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனைக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்தே போயிற்று. மறுபடி கூப்பிட்டபோது எடுத்தார்கள். அவர் குரல் இல்லை. வண்டி டிரைவர்.

“அக்கா... நாங்களே கூப்பிடலாம்னு இருந்தமுங்க. பதட்டப்படாதீங்க. ஒண்ணுமில்லீங்க.”

பின்னால் கம்ப்ரசர் சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டேன். அத்தை என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

“ஏஞ்சாமி, மறைக்காமச் சொல்லு. என்ன ஆச்சு?”

“அது வந்துங்கம்மா... ரோப்பு...”

அந்தப் பக்கம் அவனுக்கும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. நான் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

“அறுந்துருச்சா?”

“ஆமாங்கம்மா.”

“எம்பையன் கீழ நின்னானா?”

“படம் எடுத்துட்டு இருந்தாருங்கம்மா.”

“உசுரு?”

“இருக்குதுங்கம்மா. சோத்துக் கைதான்... நசுங்கிருச்சுங்க. எடுத்துத்தான் ஆவணும்னு ஆசுபத்திரியில சொல்றாங்க.”

அன்று ராத்திரியே பக்கத்து வீட்டுக் காரில் அந்த ஆசுபத்திரிக்குக் கிளம்பினோம். வழியில், அந்தப் பெட்டிக்குள் என்ன கிடந்தது என்பதை அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு அத்தையிடம் சொன்னேன். பெங்களூரைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு, பொழுது விடிந்துகொண்டிருந்தபோது, என் மடியிலிருந்த போன் சத்தம் போட்டது. புது வீடியோ வெளியாகிவிட்டது. மணி ஆறு. நேரம் குறித்து வைத்ததை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது தன் பாட்டுக்கு வந்து நின்றது.

அத்தை கை நீட்டினார். கொடுத்தேன்.

“வணக்கமுங்க,” என்றார் என் கணவர். “பைப்பு தூக்கற எடத்தத் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்கன்னு ஊட்டுல சொன்னாங்க. ரொம்ப சந்தோசமுங்க. இன்னைக்கு உங்களுக்காக இன்னும் கிட்டப் போயி நின்னு காட்டறேன், வாங்க.” அடியில் போய் நின்று, தலைக்கு மேல் தொங்குகிற குழாயை வலது கையால் தட்டிக் காட்டினார்.

அத்தை கடைசிவரை பார்த்தார். முகம் தெளிவாக இருக்கிறது என்று சொல்லவில்லை. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“கமெண்ட்டு வாசி.”

“இன்னும் ஒண்ணும் வரலீங்க அத்தை.”

“அந்தப் பெட்டியில வந்திருக்கும். அதத் தொறந்து வாசி.”

திறந்தேன். ராசிபுரத்துக்காரர் அதற்குள் எழுதிவிட்டிருந்தார். “ரோப் அறுந்துரும். கெஞ்சிக் கேக்கறேன், தள்ளி நில்லுங்க” என்று வாசித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அத்தை காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

“இன்னொருக்கா வாசி” என்றார்.