எவ்வளவு தூரம் அடிக்கணும்

லாரி டிரைவருக்கு நின்றபடியே கண் சொருகியது. வழியில் தார்ப்பாய் கட்டிப் படுக்க அவருக்கு ஒரு டார்ச், வீட்டில் தனியாக இருக்கும் மனைவிக்கு ஒன்று. அதற்குத்தான் இருவரும் கடைக்கு வந்திருந்தார்கள்.

“எவ்வளவு தூரம் அடிக்கணும்க்கா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“தூரமெல்லாம் வேண்டாம்பா. உள்ள வர்றவன் மண்டையில அடிச்சா போதும்.”

சிரித்துக்கொண்டே கடைக்காரர் கனமான இரும்பு டார்ச் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கீழே போட்டாலும் நசுங்காது, வெளிச்சம் கண்ணைப் பறிக்கும் என்றார். அவள் சுவிட்சைத் தொடவில்லை, ஓங்கிப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் கணவரிடம் சொன்னாள்: “இனிமே போன் பண்ணிட்டு வாங்க. எப்பவாவது வர்ற ஆளை இருட்டுல எப்படி அடையாளம் தெரியும்?”

“அதான் டார்ச் இருக்கே.”

“முதல்ல மண்டையில அடிப்பேன். அப்புறம்தான் லைட் அடிச்சு யாருன்னு பார்ப்பேன்,” என்றாள் அலுப்போடு.